பனிக்கடியில் போன திமிங்கலங்கள்: பாரோ முனைக் கணக்கெடுப்பில் ஒலி செய்த வேலை

1977 ஜூனில் சர்வதேசத் திமிங்கல ஆணையம் அலாஸ்காவின் வடகரைக் கிராமங்களைக் குலுக்கிய ஒரு முடிவை எடுத்தது. அங்கே வாழும் பூர்வகுடிகளான இனுபியாட் மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பிடித்து, பகிர்ந்து, உண்டு வந்த போஹெட் திமிங்கலத்தை இனி ஒன்றுகூடப் பிடிக்கக் கூடாது. தடைக்குப் பின்னால் இருந்தது ஓர் எண். பெரிங், சுக்சி, போஃபோர்ட் ஆகிய மூன்று கடல்களிலும் ஆண்டு முழுக்கச் சுற்றி வரும் இந்தக் கூட்டத்தில் மிஞ்சியிருப்பவை 600 முதல் 2,000 வரைதான் என்று அப்போது கணித்திருந்தார்கள்.

வேட்டைத் தலைவர்கள் அந்த எண்ணை ஏற்கவில்லை. கரையில் நின்று எண்ணுகிறவர்களுக்குத் தெரியாத திமிங்கலங்கள் ஏராளமாகப் போகின்றன, பனிக்கு அடியிலேயே போகின்றன என்றார்கள். அவர்கள் சொன்னது சரி என்பது அறிவியல் கூட்டங்களில் நிலைபெறக் கிட்டத்தட்ட பத்து ஆண்டுகள் பிடித்தது. அதில் பெரும் பங்கு பனி விளிம்பிலிருந்து கடலுக்குள் இறக்கிய சில ஹைட்ரோஃபோன்களுக்கு, அதாவது நீருக்கடியில் ஒலி கேட்கும் கருவிகளுக்கு, உண்டு.

திமிங்கலத்தின் குரலை வைத்து அதன் எண்ணிக்கையைச் சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கை இப்போது பரவலாக இருக்கிறது. பதிவுக் கருவிகள் மலிந்துவிட்டன, கணினி தானாகவே குரலைப் பிரித்தெடுக்கிறது, அப்புறம் என்ன என்று கேட்கிறார்கள். அதனால்தான் அலாஸ்காவின் வடகோடியில் உள்ள பாரோவில் நடந்த கணக்கெடுப்பை விரிவாகப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். அங்கே ஒலியைக் கேட்டு யாரும் திமிங்கலங்களை எண்ணவில்லை. கண்ணால் எண்ணியவர்களுக்கு எத்தனை பங்கு தப்பிப் போனது என்பதைத்தான் ஒலியிடம் கேட்டார்கள். கேள்வியை அந்த அளவுக்குச் சுருக்கியதால்தான் பதில் நம்பத்தக்கதாக இருந்தது.

தடையும் அதன் நியாயமும்

ஆணையத்தின் அச்சம் வெறும் கற்பனை இல்லை. 1848இல் தாமஸ் ராய்ஸ் என்ற அமெரிக்கக் கப்பல் தலைவர் பெரிங் நீரிணையைத் தாண்டி வடக்கே போனார். மெதுவாக நீந்தும், கொழுப்பு மிகுந்த, நீண்ட வாய்த்தகடுகள் கொண்ட திமிங்கலங்கள் அங்கே கூட்டம் கூட்டமாக இருந்தன. அடுத்த சில ஆண்டுகளிலேயே நூற்றுக்கணக்கான கப்பல்கள் அந்தப் பக்கம் திரும்பின. எண்ணெய் விளக்கெரிக்கப் போனது, வாய்த்தகடு பெண்களின் இறுக்கு உள்ளாடைக்குப் போனது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வணிக வேட்டை ஓய்வதற்குள் 18,000க்கும் மேற்பட்ட போஹெட்டுகள் கொல்லப்பட்டிருந்தன. மிஞ்சியவை சில ஆயிரம் இருந்தால் அதிகம்.

1970களில் கிராமங்களின் வேட்டையும் கூடியது. ஈட்டி பட்டுத் தப்பிப்போய், கைக்குச் சிக்காமலே செத்தவையும் கூடின. இருப்பே ஆயிரம், இரண்டாயிரம்தான் என்று நம்புகிறவர்கள் பதறியது இயல்பு.

ஆனால் தடையைச் சுமக்க வேண்டியிருந்தவர்கள் அந்தக் கூட்டத்தை அழித்தவர்கள் அல்லர். இதை மறந்துவிட்டு இந்தக் கதையைப் படிக்கக் கூடாது. 1977இலேயே கிராமங்களின் வேட்டைத் தலைவர்கள் கூடி அலாஸ்கா எஸ்கிமோ திமிங்கல ஆணையத்தை அமைத்தார்கள். அந்த டிசம்பரில் முழுத் தடை விலகி ஒரு சிறு ஒதுக்கீடு வந்தது: 1978இல் எல்லாக் கிராமங்களுக்கும் சேர்த்து 12 திமிங்கலங்களைக் கரை சேர்க்கலாம், அல்லது 18ஐ ஈட்டியால் அடிக்கலாம், எது முதலில் நிறைகிறதோ அதோடு சரி. ஒரு கிராமத்துக்கு ஒன்றோ இரண்டோதான் வரும் என்ற நிலை. அதற்கு மேல் வேண்டுமென்றால் திமிங்கலங்கள் அதிகம் இருப்பதை அறிவியல் முறையில் காட்ட வேண்டும். பாரோவைத் தலைமையிடமாகக் கொண்ட நார்த் ஸ்லோப் பரோ என்ற உள்ளாட்சி அமைப்பு அந்த வேலையைத் தானே எடுத்துக்கொண்டது. வேட்டையாடும் மக்களின் உள்ளாட்சி அமைப்பே, அவர்கள் வேட்டையாடும் விலங்கைப் பற்றி நடத்திய ஆய்வு அது.

டாம் ஆல்பர்ட் என்ற கால்நடை மருத்துவர் ஆய்வை வழிநடத்தினார். களத்தில் கிரெய்க் ஜார்ஜ் இருந்தார். இவர்கள் இருவருக்கும் பாடம் சொன்னவர் ஹாரி பிரவர் சீனியர் என்ற இனுபியாட் வேட்டைத் தலைவர். அவர் சொன்னவை சில நேர் கூற்றுகள். கரையோர நீர்ப்பாதையில் மட்டும் திமிங்கலங்கள் போவதில்லை, கண்ணுக்கு எட்டாத தூரம் வரை அகலமாகப் பரவிப் போகின்றன. நீர்ப்பாதை மூடிக்கொண்டால் அவை நிற்பதில்லை, பனிக்கு அடியில் போய்க்கொண்டே இருக்கின்றன. மூச்சு வேண்டுமென்றால் தலையால் முட்டிப் பனியை உடைத்துக்கொள்கின்றன. ஆல்பர்ட் இவற்றை மரியாதைக்காகக் கேட்டுவிட்டு ஒதுக்கவில்லை. சோதித்துப் பார்க்க வேண்டிய கருதுகோள்களாக எடுத்துக்கொண்டார். ஆய்வின் வடிவம் முழுவதும் அங்கிருந்துதான் வந்தது.

மேட்டில் நின்றவர்கள் கண்டதும் காணாததும்

பாரோ முனை அலாஸ்காவின் வடகோடி. அங்குள்ள பாரோ ஊருக்கு இன்று அதிகாரபூர்வப் பெயர் உத்கியாக்விக். ஏப்ரல் முதல் ஜூன் வரை போஹெட்டுகள் பெரிங் கடலிலிருந்து வடக்கே வந்து, இந்த முனையைச் சுற்றி, கிழக்கே போஃபோர்ட் கடலுக்குப் போகும். அப்போதும் கடல் உறைந்தேதான் இருக்கும். கரையோடு ஒட்டி அசையாமல் நிற்கும் பனி ஒருபுறம், நடுக்கடலில் நகர்ந்துகொண்டே இருக்கும் பனி மறுபுறம். இரண்டுக்கும் நடுவே காற்றும் நீரோட்டமும் ஒரு நீர்ப்பாதையைத் திறக்கும். சில நாள் அது பல கிலோமீட்டர் அகலம் இருக்கும். சில நாள் மறுபடி மூடிக்கொண்டுவிடும்.

பனித்தட்டுகள் மோதிக் குவிந்த மேடுகளில் ஏறி நின்று, நீர்ப்பாதையில் மூச்சு விட எழும் திமிங்கலங்களைப் பார்வையாளர்கள் எண்ணுவார்கள். நில அளவையில் பயன்படும் தியோடோலைட் கருவியால் ஒவ்வொன்றின் இடத்தையும் குறிப்பார்கள். சற்றுத் தள்ளி இன்னொரு குழு தனியாக எண்ணும். ஒரு குழு கண்டதில் மற்றொரு குழு எவ்வளவு தவறவிட்டது என்று ஒப்பிட்டால், கண்ணுக்கு எட்டிய தூரத்துக்குள்ளேயே எத்தனை தப்புகின்றன என்பது தெரியும். பனிக்கரடி வருகிறதா என்று ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நிற்கும் பனியே விரிசல் விட்டுக் கடலுக்குள் நகர்ந்துவிடும் அபாயமும் உண்டு. எப்போது கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு பின்வாங்குவது என்பதில் வேட்டைக்காரர்களின் சொல்தான் இறுதி.

இந்த எண்ணிக்கை கவனமாகவே நடந்தது. ஆனாலும் அதில் இரண்டு ஓட்டைகள் இருந்தன. மேட்டிலிருந்து நம்பத்தகுந்தபடி தெரியும் தூரம் சுமார் 4 கிலோமீட்டர்தான். நீர்ப்பாதை மூடிய நாட்களிலோ எதுவுமே தெரியாது. தெரியாத தூரத்திலும் தெரியாத நாட்களிலும் போனவை எத்தனை என்பதுதான் சண்டையின் மையம். மிகக் குறைவு என்றது சர்வதேச ஆணையத்தின் பக்கம். நிறைய என்றார் பிரவர்.

குரலுக்கு இடம் கண்டுபிடித்தல்

போஹெட் அதிகம் குரல் கொடுக்கும் விலங்கு. பயணத்தின்போது அது எழுப்பும் குரல்கள் பெரும்பாலும் 50 முதல் 400 ஹெர்ட்ஸ் வரையிலான தாழ்ந்த முனகல்கள். மேலே ஏறும், கீழே இறங்கும், ஏறி இறங்கும், சில சமயம் ஒரே நிலையில் நிற்கும். ஒன்று குரல் கொடுக்க, தூரத்திலிருந்து இன்னொன்று பதில் கொடுப்பதும் உண்டு. கிறிஸ்டோஃபர் கிளார்க்கும் அவரோடு வேலை செய்தவர்களும் 1979, 1980 வசந்தப் பயணங்களில் இவற்றைப் பதிவு செய்து வகைப்படுத்தினார்கள். தாழ்ந்த ஒலி தண்ணீரில் வெகுதூரம் போகும். மூடுபனியும் இருட்டும் மேலே கிடக்கும் பனிக்கட்டியும் அதை மறைப்பதில்லை.

பனி விளிம்பு நெடுக, இடைவெளி விட்டு ஹைட்ரோஃபோன்களைத் தண்ணீருக்குள் தொங்கவிட்டார்கள். ஒரே குரல் ஒவ்வொன்றையும் வெவ்வேறு நேரத்தில் வந்தடையும். உறைநிலையை ஒட்டிய கடல்நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,440 மீட்டர் போகிறது. ஆகவே ஒரு கிலோமீட்டர் தூர வித்தியாசம் 0.7 நொடி தாமதமாகத் தெரியும். இரண்டு ஹைட்ரோஃபோன்களின் நேர வித்தியாசம் கடலில் ஒரு வளைகோட்டைத் தரும், குரல் அந்தக் கோட்டில் எங்கோ எழுந்திருக்கிறது. மூன்றாவது சேர்ந்தால் கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடம் கிடைக்கும். வரிசையாக வைத்த கருவிகளுக்கு ஒரு குழப்பம் உண்டு: குரல் வரிசையின் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று அவற்றால் சொல்ல முடியாது. பாரோவில் ஒரு பக்கம் கரையும் கரையோடு ஒட்டிய பனியும் இருந்ததால் அந்தக் குழப்பம் பெரிதாக எழவில்லை.

தனித்தனிக் குரலுக்கு இடம் தெரிந்தால் மட்டும் போதாது. ஒரே திமிங்கலம் பல தடவை குரல் கொடுத்திருக்கலாம். அதனால் அடுத்தடுத்த குரல்களின் இடமும் நேரமும், ஒரு போஹெட் நீந்தக்கூடிய வேகத்துக்கும் திசைக்கும் பொருந்துகின்றனவா என்று பார்த்து, பொருந்துபவற்றை ஒரே தடமாகக் கோத்தார்கள். கரையிலிருந்து எவ்வளவு தூரத்தில் எத்தனை தடங்கள் போகின்றன என்ற படம் இப்படித்தான் உருவானது.

அந்தப் படத்தில் பிரவர் சொன்னது தெரிந்தது. 4 கிலோமீட்டருக்கு அப்பாலும் தடங்கள் இருந்தன. நீர்ப்பாதை மூடி, மேட்டில் நின்றவர்கள் வெறும் பனிவெளியைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்திலும் குரல்கள் தொடர்ந்து வந்து கடந்துபோயின. தலையால் முட்டி உடைப்பதும் நேரிலேயே பதிவானது. குறைந்தது 18 சென்டிமீட்டர் தடிமனுள்ள பனியை உடைத்துக்கொண்டு போஹெட்டுகள் மூச்சு விட எழுந்ததைக் கிரெய்க் ஜார்ஜும் உடன் இருந்தவர்களும் 1989இல் அறிக்கையாக எழுதினார்கள். வேட்டைக்காரர்கள் இதைவிடத் தடிமனான பனியையும் சொல்கிறார்கள்.

இந்த விலங்கு 200 ஆண்டுகளுக்கும் மேல் வாழக்கூடியது. 2007இல் பாரோ அருகே பிடிபட்ட ஒன்றின் உடலுக்குள் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செய்த வெடியீட்டியின் துண்டு கிடந்தது. 1980களில் அந்த ஹைட்ரோஃபோன்களுக்கு அருகே குரல் கொடுத்துக்கொண்டு போனவற்றில் சில, வணிக வேட்டைக் கப்பல்களின் சத்தத்தையும் கேட்டவையாக இருந்திருக்கலாம்.

விகிதம் மட்டும் போதும்

ஒரு போஹெட் மணிக்கு எத்தனை முறை குரல் கொடுக்கும் என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. சில திமிங்கலங்கள் விடாமல் முனகும், சில ஒன்றுமே சொல்லாமல் போய்விடும். ஆயிரம் குரல் பதிவானால் அது ஐம்பது திமிங்கலமா, ஐந்நூறா? பதிவை மட்டும் வைத்துச் சொல்ல வழியில்லை. பாரோ குழு இந்தச் சிக்கலைத் தீர்க்க முயலவில்லை, சுற்றிக்கொண்டு போனது.

4 கிலோமீட்டருக்குள் போனவை எத்தனை என்பதைக் கண்பார்வைக் கணக்கிலிருந்து எடுத்தார்கள். ஒலிப்பதிவிடம் கேட்டது ஒன்றே ஒன்று: கடந்துபோனவற்றில் எத்தனை பங்கு அந்த 4 கிலோமீட்டருக்குள் போனது? முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால் மொத்தம் வந்துவிடும். அருகே போவதும் தூரத்தில் போவதும் சராசரியாக ஒரே அளவு குரல் கொடுக்கின்றன என்று கொண்டால், எத்தனை முறை குரல் கொடுக்கும் என்ற தெரியாத எண் மேலும் கீழும் அடிபட்டுப் போகிறது. பதிவு செய்த குரல் ஆயிரமானாலும் பத்தாயிரமானாலும் விகிதம் மாறாது.

2001ஆம் ஆண்டுக் கணக்கு இதற்கு நல்ல உதாரணம். 4 கிலோமீட்டருக்குள் கடந்தவை 9,025 என்று கணித்தார்கள். கடந்தவற்றில் 86.2 சதவீதம் அந்தத் தூரத்துக்குள் போனது என்று ஒலி சொன்னது. 9,025ஐ 0.862ஆல் வகுத்தால் 10,470. உண்மை எண் 8,100க்கும் 13,500க்கும் இடையே இருக்கலாம் என்ற எச்சரிக்கையையும் சேர்த்தே வெளியிட்டார்கள். அந்த வசந்தத்தில் 121 குட்டிகள் கண்ணில் பட்டன, அதற்கு முன் எந்த ஆண்டிலும் அத்தனை பட்டதில்லை.

பழைய ஆண்டுகளின் கணக்கையும் இதே முறையில் திருத்தினார்கள். ஒலிப்பதிவு இல்லாத ஆண்டுகளுக்கு, பதிவு இருந்த ஆண்டுகளின் விகிதங்களிலிருந்து ஒரு மதிப்பை எடுத்துக்கொண்டார்கள். திருத்திய வரிசையில் 1978க்கு 4,765 என்று வந்தது. தடை வந்ததற்கு மறு ஆண்டு அது. தடைக்குக் காரணமான எண்ணின் மேல் எல்லையைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகம். 1993க்குச் சுமார் 8,200. 1978 முதல் 2001 வரை கூட்டம் ஆண்டுக்கு 3.4 சதவீதம் வளர்ந்திருக்கிறது. 2011 கணக்கெடுப்பு 16,892 என்று சொன்னது. ஒதுக்கீடும் படிப்படியாக உயர்ந்தது. 2019இல் தொடங்கிய ஒதுக்கீட்டுக் காலத்தில் ஆண்டுக்கு 67 வரை ஈட்டியால் அடிக்கலாம் என்ற நிலை இருந்தது.

இந்த வரிசையில் நான் யாருக்கும் முதலில் காட்ட விரும்புவது 1986, 1987 ஆகிய இரண்டு ஆண்டுகளை. 1986க்கு 8,917, 1987க்கு 5,298. இரண்டு குழந்தைப்பேறுகளுக்கு இடையே மூன்று, நான்கு ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும் ஒரு விலங்கு ஓராண்டில் இப்படிக் குறையாது, கொத்துக்கொத்தாகச் சாகவும் இல்லை. பனியின் நிலை, பார்வை கிடைத்த நாட்கள், விகிதத்தின் பிழை எல்லாம் சேர்ந்து செய்த வேலை அது. ஒரே ஓர் ஆண்டின் எண்ணைப் பிடித்துக்கொண்டு கொள்கை முடிவு எடுப்பது எத்தனை ஆபத்து என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். 1977இல் நடந்ததும் ஏறக்குறைய அதுதான்.

முறை எங்கே சறுக்கலாம்

எல்லாம் ஓர் அனுமானத்தின் மேல் நிற்கிறது: அருகே போவதும் தூரத்தில் போவதும் ஒரே அளவு குரல் கொடுக்கின்றன. இது எப்போதும் உண்மையா?

சந்தேகப்படக் காரணம் உண்டு. 1985இல் தடிமனான பழைய பனித்தட்டு ஒன்று பாதையில் கிடந்தபோது, மாறி மாறிக் குரல் கொடுத்துக்கொண்டு வந்த போஹெட்டுகள் அதை நெருங்குவதற்கு முன்பே விலகிச் சுற்றிப் போனது ஒலித்தடங்களில் தெரிந்தது. தங்கள் குரல் பனியின் அடிப்பரப்பில் பட்டுத் திரும்புவதைக் கேட்டு முன்னால் இருக்கும் பனி எப்படிப்பட்டது என்று அறிகின்றனவோ என்று வில்லியம் எல்லிசனும் கிளார்க்கும் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். அது சரியாக இருந்தால், அடர்ந்த பனிக்கடியில் போகிறவை அதிகம் குரல் கொடுக்கும். அப்போது தூரத்தில் போகிறவற்றின் பங்கு ஊதிப்பெருகித் தெரியும், மொத்த எண்ணும் கூடிவிடும். குரல்களை எண்ணாமல் தடங்களை எண்ணியதால் இந்தப் பிழை பெருமளவு குறைந்தது. முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன்.

இதற்கு எதிர்ப்பக்கச் சிக்கல் மௌனம். போஃபோர்ட் கடலில் எண்ணெய் தேடுபவர்கள் அழுத்தக் காற்றை வெடிக்கச் செய்து கடலடியை அலசுவார்கள். 2007 முதல் 2010 வரையிலான இலையுதிர்காலப் பதிவுகளை வைத்து சூசன்னா பிளாக்வெல்லும் உடன் ஆய்வாளர்களும் 2015இல் வெளியிட்ட முடிவு இந்தத் துறையில் வேலை செய்யும் ஒவ்வொருவரும் மனதில் வைத்திருக்க வேண்டிய ஒன்று. வெடிச்சத்தம் லேசாகக் காதில் விழத் தொடங்கியதும் போஹெட்டுகள் வழக்கத்தைவிட அதிகம் குரல் கொடுத்தன. பத்து நிமிடத்தில் சேரும் ஒலியாற்றல் சுமார் 127 டெசிபலைத் தாண்டியதும் குரல்கள் குறையத் தொடங்கின. 160ஐத் தாண்டியபோது கிட்டத்தட்ட ஒன்றுமே கேட்கவில்லை. அதாவது ஒரே எண்ணிக்கைத் திமிங்கலங்கள் ஒரே இடத்தில் இருந்துகொண்டு, சத்தத்தின் அளவைப் பொறுத்து, பதிவில் பெருகியும் மறைந்தும் தோன்றக்கூடும். பதிவில் குரல் இல்லை, ஆகவே அங்கே திமிங்கலம் இல்லை, ஆகவே வேலையைத் தொடரலாம் என்று ஒரு நிறுவனம் எழுதிக்கொடுத்தால், அந்த விலங்கை வாயடைக்க வைத்ததே அந்த வேலையாக இருக்கலாம். இந்த வாதத்தை எங்கே கண்டாலும் எதிர்க்க வேண்டும்.

பாட்டை வைத்து எண்ணுவதும் இதே போலச் சறுக்கும். கிரீன்லாந்துக்கும் ஸ்வால்பார்டுக்கும் இடையே உள்ள ஃபிராம் நீரிணையில் இன்னொரு போஹெட் கூட்டம் இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டில் தொடங்கிய வேட்டை அதை அற்றுப்போகும் நிலைக்குத் தள்ளியது, இன்றும் சில நூறுதான். கேட் ஸ்டாஃபோர்டும் குழுவும் மூன்று ஆண்டுப் பதிவுகளில் 184 வெவ்வேறு பாடல்களைப் பிரித்தெடுத்து 2018இல் வெளியிட்டார்கள். குளிர்கால இருட்டில் நாள் முழுக்கப் பாடுகின்றன. கூனல்முதுகுத் திமிங்கலங்களில் ஒரு பகுதியின் ஆண்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே பாட்டைப் பாடும். இவையோ பாட்டை மாற்றிக்கொண்டே போகின்றன. அந்தக் கூட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது, குளிர்காலத்தை அங்கேதான் கழிக்கிறது என்பதற்கு 184 பாடல்கள் வலுவான சாட்சி. எத்தனை விலங்குகள் என்பதற்கு அவை சாட்சி ஆகாது.

குரல் வீதத்தை நேராக அளந்தே எண்ணிக்கைக்குப் போன முயற்சிகளும் இருக்கின்றன. பஹாமாஸில் அமெரிக்கக் கடற்படையின் சோதனைத் தளத்தில் கடலடியில் 82 ஹைட்ரோஃபோன்கள் உள்ளன. பிளெய்ன்வில் அலகுத் திமிங்கலங்களின் உடலில் ஒட்டுக்கருவிகளைப் பொருத்தி, ஒரு விலங்கு நொடிக்கு எத்தனை சொடுக்கொலி எழுப்புகிறது என்று தியாகோ மார்க்கெஸும் குழுவும் கண்டுபிடித்தார்கள். அதைக் கொண்டு கடலடிப் பதிவிலிருந்து அடர்த்தியைக் கணித்து 2009இல் வெளியிட்டார்கள். அது நடந்ததற்குக் காரணம், அந்தத் திமிங்கலம் ஆழத்தில் இரை தேடும்போதெல்லாம் சொடுக்கொலி எழுப்பியே ஆக வேண்டும். இரைக்காகக் கத்துவதற்கும் துணைக்காகக் கத்துவதற்கும் இந்த இடத்தில் பெரிய வேறுபாடு இருக்கிறது. போஹெட்டின் முனகல் இரண்டாவது வகை. கேட்பவர் யார், சுற்றிலும் என்ன சத்தம், கூட யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து அது மாறும்.

எண்ணிக்கையே வேண்டியிராத இடங்களும் உண்டு. வட அட்லாண்டிக் ரைட் திமிங்கலங்கள் நானூறுக்கும் குறைவாகவே இருக்கின்றன. 2017இல் மட்டும் கனடாவிலும் அமெரிக்காவிலும் 17 செத்துக் கிடந்தன. கப்பல் மோதியும் மீன்பிடிக் கயிற்றில் சிக்கியும் அவை சாகின்றன. அங்கே, மேல்நோக்கி ஏறும் அவற்றின் ஒற்றைக் குரல் பதிவானாலே போதும், கப்பல்கள் வேகத்தை மணிக்கு 10 கடல்மைலுக்குக் குறைக்கும்படி அறிவிப்பு போகிறது. ஒன்று இருக்கிறதா என்ற கேள்விக்கு ஒலி தரும் பதில் வேகமானது, உறுதியானது.

பாரோவில் இப்போது

2019இல் இரண்டு கணக்குகள் வந்தன. பனி விளிம்பிலிருந்து எண்ணியது 12,505 என்றது, அதன் பிழை எல்லை ஏறத்தாழ 8,000 முதல் 19,600 வரை விரிந்தது. அதே ஆண்டுக் கோடையில் விமானத்திலிருந்து எண்ணியது 17,175 என்றது. பனி விளிம்புக் கணக்கு குறைத்துக் காட்டியிருக்கும் என்றே அதைச் செய்தவர்கள் கருதினார்கள். பனியின் நிலை சரியில்லை, மேட்டுக்கு அருகே நீர்ப்பாதையில் வேட்டைப் படகுகளின் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. போஹெட்டின் காது கூர்மையானது என்பதும், பனி விளிம்பில் பேச்சையும் காலடியையும் அடக்க வேண்டும் என்பதும் வேட்டைக் குடும்பங்களில் பிள்ளைகளுக்கே சொல்லிக்கொடுக்கும் பாடம். ஆய்வுக்கும் அதே பாடம்தான்.

பனி மெலிந்து, சீக்கிரம் உடைவதால் மேட்டில் நின்று எண்ணுவது ஆண்டுக்காண்டு கடினமாகிறது. இதைவிடப் பெரிய மாற்றம் ஒன்றையும் ஹைட்ரோஃபோன்கள் காட்டியிருக்கின்றன. இந்தக் கூட்டம் குளிர்காலத்தில் முழுவதும் பெரிங் கடலுக்குத் திரும்பிவிடும் என்பதுதான் இதுவரை கணக்கெடுப்பின் அடிப்படை. அப்போதுதான் வசந்தத்தில் எல்லாமே பாரோ முனையைக் கடந்தாக வேண்டும். ஆனால் 2018-19 குளிர்காலத்தில் கனடாவின் ஆமுண்ட்சென் வளைகுடாவிலும் கிழக்கு போஃபோர்ட் கடலிலும் வைத்திருந்த கருவிகளில் போஹெட் குரல்கள் குளிர்காலம் முழுக்கப் பதிவாயின. ஸ்டீஃபன் இன்ஸ்லியும் குழுவும் அதை 2021இல் வெளியிட்டார்கள். அங்கேயே தங்கியவை 2019 வசந்தத்தில் பாரோவைக் கடந்திருக்கவே முடியாது. மேட்டில் நின்றவர்களும் பனி விளிம்பு ஹைட்ரோஃபோன்களும் எத்தனை திறமையாக வேலை செய்தாலும் அவை கணக்கில் வராது.

எத்தனை தங்கின என்று அந்தப் பதிவிலிருந்து சொல்ல இயலாது, சொல்லவும் முயலக் கூடாது. வசந்தக் கணக்கெடுப்பு நடக்கும் ஒவ்வோர் ஆண்டும் அதற்கு முந்தைய குளிர்காலம் முழுக்க ஆமுண்ட்சென் வளைகுடாவில் கருவிகள் ஓட வேண்டும். குரல் கேட்டால், பாரோ எண்ணோடு ‘தங்கியவை நீங்கலாக’ என்று சேர்த்து அச்சிட வேண்டும். சாக்ஸ் ஹார்பர், உலுக்காக்டோக் கிராமங்களின் வேட்டைக்காரர்கள் குளிர்காலத்திலும் அந்தப் பனியில் நடமாடுகிறவர்கள். எந்தப் பிளவில், எந்த மாதத்தில் மூச்சுக்காற்று எழுவதைப் பார்த்தார்கள் என்று அவர்களிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளும் வேலையை, அங்கே அடுத்த ஹைட்ரோஃபோனை இறக்குவதற்கு முன்பே தொடங்கலாம்.